சுருட்டை முடிக்கான நான்கு பாட்டில் செட்: கண்டிஷனருக்காகவே வாங்கலாம்

நான்கு மாதமாக இந்த ஒரே செட்டைத்தான் பயன்படுத்துகிறேன். ஷாம்பு, கண்டிஷனர், தலையில் கழுவாமல் விடுகிற லீவ்-இன் கிரீம், ஜெல் என்று நான்கு பாட்டில். வாரம் ஒரு முறை தலைக்குக் குளிப்பேன், ஆக பதினாறு தடவை முழுதாகச் செய்து பார்த்த பிறகுதான் எழுதுகிறேன். என் முடி நெருக்கமான சுருட்டை. ஒவ்வொரு சுருளும் பென்சில் தடிமன்தான் இருக்கும், பின்கழுத்துப் பக்கம் அதைவிட இறுக்கம். நனைந்திருக்கும்போது பாதி முதுகு வரை தொங்கும், காய்ந்ததும் தோளுக்கு ஏறிவிடும்.

செட்டில் உருப்படியான பொருள் கண்டிஷனர்தான், அதனால் அதையே முதலில் சொல்கிறேன். உச்சந்தலையில் சுரக்கிற எண்ணெய் நேரான முடியில் தானாக வழிந்து நுனி வரை போய்விடும், நம் முடியில் ஒவ்வொரு வளைவிலும் தடைபட்டு வேர்ப்பக்கமே நின்றுவிடும். அதனால்தான் வேர் பிசுபிசுப்பாக இருக்கும்போதே நுனி வைக்கோல் மாதிரி கிடக்கிறது, உலர்ந்த நுனிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு சிக்கு விழுகிறது. இந்தக் கண்டிஷனரின் பின்பக்கத்தில் தண்ணீருக்கு அடுத்து சீட்டரைல் ஆல்கஹால், பெஹன்ட்ரைமோனியம் மெத்தோசல்ஃபேட் என்று போட்டிருக்கிறார்கள். ஆல்கஹால் என்று பார்த்ததும் பலர் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம், இது மெழுகு மாதிரியான கொழுப்பு ஆல்கஹால், முடியை உலர்த்தாது, மிருதுவாக்கும். இரண்டாவது பொருளுக்கு நேர்மின்னேற்றம் உண்டு, அடிபட்ட முடியில் எதிர்மின்னேற்றம் அதிகம். அதனால் எங்கே முடி கெட்டிருக்கிறதோ அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். அந்த வழுக்கல் அதிலிருந்துதான் வருகிறது.

பின்கழுத்தில், சட்டைக் காலர் உரசுகிற இடத்தில், எனக்கு எப்போதும் ஒரு முடிச்சு இருக்கும். முன்பு சீப்பு அங்கே போனாலே டிக் டிக்கென்று முடி அறுகிற சத்தம் கேட்கும். இப்போது தலையை எட்டுப் பிரிவாகப் பிரித்து கிளிப் போட்டு, அந்த ஒரு பிரிவுக்கு மட்டும் உள்ளங்கை நிறைய கண்டிஷனர் எடுத்து, மேலே இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் விடுகிறேன். அப்புறம் முடிச்சின் அடியிலிருந்து விரலால் மெதுவாகப் பிரித்தால் நூல் உருவுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கழன்று வருகிறது. விரலுக்குப் பிறகுதான் பெரிய பல் சீப்பு, அதுவும் நுனியில் ஆரம்பித்து மேலே போக வேண்டும். நனைந்த முடி ரப்பர் மாதிரி நீளும், அந்த நிலையில் இழுத்தால் சீக்கிரம் அறுந்துவிடும்.

கையோடு வருகிற முடியைப் பார்த்து மிரள வேண்டாம். சாதாரணமாக ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிரும். சுருட்டையில் அது கீழே விழாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், வாரத்துக்கு ஒரு முறைதான் சீவுகிறோம் என்றால் ஏழு நாள் கணக்கும் ஒன்றாகத்தான் வரும். பார்க்க வேண்டியது நீளத்தை. ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழோடு நீளமாக இருந்தால் தானாக உதிர்ந்தது, குட்டையாகக் குமிழ் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் அறுந்தது. பழைய கண்டிஷனரில் குட்டை முடிதான் நிறைய இருந்தது. இதற்கு மாறிய இரண்டாவது மாதத்திலிருந்து குட்டையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஷாம்பு பரவாயில்லை. நிறைய நுரைத்து எண்ணெயை வழித்தெடுக்கிற சல்ஃபேட் இல்லாதது, நுரை குறைவு, தலைத்தோலை வறட்டாமல் அழுக்கெடுக்கிறது. ஆனால் வாராவாரம் ஜெல் போடுகிறவர்களுக்கு இது மட்டும் போதாது. நான்காவது வாரம் வந்தால் முடிமேல் ஏதோ பூசின மாதிரி இருக்கும், தண்ணீர் இறங்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும். மாதம் ஒரு தடவை நன்றாக அழுக்கெடுக்கிற வேறு ஷாம்பு போட்டுச் சமாளிக்கிறேன்.

கிரீம் வேண்டவே வேண்டாம். அவர்களே ஒரே செட்டில் விற்கிற ஜெல்லோடு அது சேரவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். முதல் வாரமே காய்ந்த பிறகு தலை முழுக்க வெள்ளைத் துகள், பொடுகு என்றே நினைத்துவிட்டேன். பிறகு இரண்டிலும் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன், திரிந்த பால் மாதிரி திட்டுத்திட்டாகப் பிரிந்தது. நிறுவனத்துக்கு எழுதினால் குறைவாகப் போடுங்கள் என்று ஒரு வரி பதில். எந்த கிரீமையும் ஜெல்லையும் சேர்த்துப் போடும் முன் இந்த உள்ளங்கைச் சோதனையைச் செய்துவிடுங்கள், அரை நிமிட வேலை.

ஜெல்லைத் தனியாகப் போட்டால் நல்ல பொருள். சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே போட வேண்டும். நனையும்போது முடிக்குள் இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்ந்து, காயும்போது திரும்பக் கட்டிக்கொள்கின்றன, அதனால் எந்த வடிவில் காய்கிறதோ அந்த வடிவில்தான் நிற்கும். துண்டால் தேய்க்காமல் பழைய பருத்தி டீ-சர்ட்டால் ஒற்றி எடுங்கள். முழுதாகக் காய்ந்ததும் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருக்கும், அதைக் கையால் கசக்கி விட்டால் மிருதுவான சுருள் வெளியே வரும். காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கிற கிளிசரின் இதில் அதிகம் என்பதால் காற்றில் ஈரம் கூடின நாளில் சாயங்காலத்துக்குள் உப்பிவிடுகிறது.

இன்னொரு குறை அளவு. நான்கு பாட்டிலும் 250 மில்லி. சுருட்டை முடிக்குக் கண்டிஷனர்தான் ஏராளமாகச் செலவாகும், எனக்கு நான்கு குளியலுக்கு ஒரு பாட்டில் காலி. நல்ல வேளையாகக் கண்டிஷனரைத் தனியாகவும் விற்கிறார்கள். இப்போது நான்காவது பாட்டில் தீர்ந்துவிட்டது, முதலில் வந்த ஷாம்பு இன்னும் அடியில் இருக்கிறது, கிரீம் முக்கால் பாட்டில் அப்படியே நிற்கிறது.

லேசான அலை முடிக்காரர்கள் மட்டும் கவனம். என் தங்கைக்கு அலை முடி, இதே கண்டிஷனரை வேர் வரை தடவிக் குளித்தாள், மறுநாளே தலை படிந்து எண்ணெய் வைத்த மாதிரி ஆகிவிட்டது. இப்போது காதுக்குக் கீழே மட்டும் தடவுகிறாள், அவளுக்கு அது சரியாக இருக்கிறது.