விடுமுறை நாட்களும் ஈறு ஆறும் நாட்களும்

இந்த முறை 24 நாள் விடுமுறையில் ஊருக்குப் போனேன். கீழ்த்தாடையின் வலப்பக்கக் கடைவாய்ப் பற்களுக்கு ஈறு அறுவை சிகிச்சை செய்துகொள்வது என்று முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பினேன். வசிக்கும் நாட்டிலேயே செய்திருக்கலாம். ஆனால் கன்னம் வீங்கிப் படுத்திருக்கும் நாட்களில் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. டாக்டர் சொல்வதைத் தாய்மொழியில் கேட்டுக்கொள்ளவும் ஆசை. இதே எண்ணத்தோடு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் போன இடத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு நிமிடம் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கே நான்கு பக்கமும் முடித்துவிடலாம்" என்றார்கள். எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். சர்க்கரை இருக்கிறதா, என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அளந்து பார்க்காமல் ஈறில் கத்தி வைக்கக் கூடாது.

இரண்டாவதாகப் பார்த்தவர் ஈறு சிகிச்சை நிபுணர். மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கினார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். "மூன்று, இரண்டு, மூன்று" என்று அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் குறித்துக்கொண்டே வந்தார். கடைவாய்ப் பல்லுக்கு வந்ததும் குரல் நின்றது. பிறகு, "ஏழு." மூன்று மில்லிமீட்டர் வரை பயமில்லை. அதைத் தாண்டி ஆழமாகப் போகப்போக பிரஷ் எட்டாது. அடியில் காரை படிந்து, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வலி பெரும்பாலும் இருக்காது என்பதுதான் இந்த நோயின் மோசமான குணம்.

எடுத்த எடுப்பில் அறுவை சிகிச்சைக்குப் போகக் கூடாது என்பதையும் அங்கேதான் தெளிவாகச் சொன்னார்கள். முதலில் ஈறுக்கு அடியில் வேர்வரை ஆழமாகச் சுத்தம் செய்வார்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுத்து மறுபடி அளப்பார்கள். அப்போதும் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் ஆழமும் ரத்தக்கசிவும் இருந்தால்தான் ஈறைத் திறக்கும் பேச்சு வரும். நான் இரண்டு மாதம் முன்பே ஆழச் சுத்தத்தை முடித்து, அளவுச் சீட்டையும் எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். "இந்தச் சீட்டு இல்லையென்றால் இந்தப் பயணத்தில் உங்களுக்குச் சுத்தம் மட்டும்தான் செய்து அனுப்பியிருப்பேன்" என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் கேட்ட கேள்விகளுக்கு நீங்களும் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரை எவ்வளவு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, எலும்புத் தேய்வுக்கு மருந்தோ ஊசியோ உண்டா, பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா, புகைபிடிக்கிறீர்களா. ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். அது பெரிய ஆபத்து. புகைபிடிப்பவர்களுக்கு ஈறு ஆறவே ஆறாமல் இழுத்தடிக்கும்.

தேதியைத் திரும்பும் டிக்கெட்டிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறித்தோம். ஊர் வந்த ஐந்தாம் நாள் அறுவை, அதிலிருந்து பத்தாம் நாள் தையல் பிரிப்பது, அதன் பிறகும் ஏதாவது கோளாறு என்றால் காட்ட ஒன்பது நாள் கையில். கடைசி வாரத்தில் செய்துகொண்டு தையலோடு விமானம் ஏறுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அறுவையின்போது வலிக்கவில்லை. மரத்துப்போன ஈறை விலக்கி, வேரைக் கண்ணால் பார்த்துச் சுரண்டும் சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது. முதல் நாள் கன்னத்தில் துணி சுற்றிய ஐஸ் விட்டுவிட்டு வைத்தோம். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். அதைப் பார்த்துப் பதறாதீர்கள். எச்சிலில் இளஞ்சிவப்பாகத் தெரிவதும் முதல் இரண்டு நாளில் சகஜம். வாயில் ரத்தம் நிறைந்தால் நனைத்த துணிப்பஞ்சை வைத்து 20 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். வேகமாகக் கொப்பளிப்பது, துப்புவது, குழல் போட்டு உறிஞ்சுவது எல்லாம் உறைந்த ரத்தத்தைப் பெயர்த்துவிடும்.

நான்காம் நாள் நன்றாக இருப்பதாகத் தோன்றவே உறவினர் வீட்டுக்குப் போய் நாள் முழுக்கப் பேசித் தீர்த்தேன். இரவு தாடை விண்விண்ணென்று தெறித்து, தலையணையில் ரத்தம். கிளம்பும்போது டாக்டர் எழுதிக் கொடுத்த எண்ணை அழைத்தோம், மறுமுனையில் எடுத்தார்கள். அம்மா துணிப்பஞ்சை நனைத்துக் கொடுக்க, அவர்கள் சொன்னபடி அழுத்தியதும் நின்றுவிட்டது. காலையில் போனபோது ஒரு தையல் தளர்ந்திருந்தது. இரவில் யாரை அழைப்பது என்று தெரியாமல் அங்கிருந்து வீட்டுக்கு வராதீர்கள்.

ஒரு குறை சொல்ல வேண்டும். வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவற்றை ஆங்கிலத்தில் மட்டுமே அச்சடித்துத் தந்தார்கள். பார்த்துக்கொள்ளப் போவது அம்மா. அவரால் அதைப் படிக்க முடியாது. கேட்டதும் உதவியாளர் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார். அதை முதலிலேயே அச்சிட்டுத் தரலாமே.

குளோர்ஹெக்ஸிடின் என்ற, வாய்க் கிருமிகளைக் கட்டுப்படுத்தும் திரவத்தை இரண்டு வாரத்துக்கு மெதுவாக வாயில் வைத்திருந்து வெளியே விடச் சொன்னார்கள். பற்பசையால் துலக்கிய உடனே பயன்படுத்தினால் அதன் வீரியம் குறையும், அரைமணி நேரம் இடைவெளி வேண்டும். பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும். கறையைப் பிறகு சுத்தம் செய்துவிடலாம்.

வீக்கம் வற்றியதும் கண்ணாடியில் பார்த்தபோது மனம் கொஞ்சம் சுருங்கியது. ஈறு இறங்கிப் பற்கள் நீண்டு தெரிந்தன. நடுவே சிறு இடைவெளிகள். குளிர்ந்த நீர் பட்டால் சுரீரென்றது. வீக்கத்தில் மறைந்திருந்த ஈறின் உண்மையான மட்டம் அதுதான் என்று டாக்டர் விளக்கினார். கூச்சம் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டால் அதிர்ச்சி இருக்காது.

புறப்படும் முன் அளவுச் சீட்டு, எக்ஸ்ரே, எந்தப் பற்களில் என்ன செய்தார்கள் என்ற குறிப்பு மூன்றையும் வாங்கிக்கொண்டேன். அறுவைக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு அந்த இடத்தில் கம்பி விட்டு அளக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். மூன்று மாதம் கழித்து இங்குள்ள பல் டாக்டர் அதே பல்லில் கம்பியை இறக்கி, "நான்கு" என்றார். ரத்தம் வரவில்லை. அடுத்த மூன்று மாதத்துக்கு நாள் குறித்துக் கொடுத்து, பல்லிடுக்கில் விடும் பிரஷை ஒரு அளவு பெரிதாக மாற்றச் சொன்னார்.