‘எக்ஸ்எல்’ பட்டையை நம்பி நைட்டி வாங்காதீர்கள்

சிங்கப்பூரில் நேரலையில் நைட்டி விற்பவர்களுக்குப் பணம் அனுப்பப்போகும் பெண்கள் முதலில் இதைப் படியுங்கள். கைப்பேசித் திரையில் துணியை உதறிக் காட்டி, “அக்கா, சுத்தமான பருத்தி, சாயம் போகாது, எல்லா அளவும் இருக்கிறது” என்று சொன்ன ஒருவரிடம் எனக்கும் அம்மாவுக்குமாக ஆறு நைட்டிகள் வாங்கினேன். ஒன்று 22 வெள்ளி, மொத்தம் 132 வெள்ளி. கைப்பேசிவழி பணம் அனுப்பும் ‘பேநவ்’ சேவையில் முன்பணமாகவே முழுத்தொகையையும் வாங்கிக்கொண்டார். பொட்டலம் சொன்ன நாளில் வந்தது. உள்ளே இருந்ததுதான் சொன்ன பொருள் அல்ல.

அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. கழுத்திலும் அக்குளிலும் வேர்க்குரு வந்தால் எளிதில் ஆறுவதில்லை. விடியும் முன்னர் காற்றின் ஈரப்பதம் அடிக்கடி 90 விழுக்காட்டைத் தாண்டும் ஊர் இது. மின்விசிறியை மட்டும் நம்பிப் படுக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு அறையில் பாலியெஸ்டர் துணி அவருக்கு ஆகவே ஆகாது. அந்த நூல் வேர்வையை உறிஞ்சாது. ஈரம் தோலிலேயே தங்கி நசநசக்கும். அதனால்தான் வாட்ஸ்அப்பில் குறிப்பாகக் கேட்டேன்: “பாலியெஸ்டர் கலந்திருக்கிறதா?” உடனே பதில் வந்தது: “நூற்றுக்கு நூறு பருத்தி அக்கா. நானே இதைத்தான் உடுத்துகிறேன்.” அந்தச் செய்தி இன்னமும் என் கைப்பேசியில் இருக்கிறது.

கைக்கு வந்தபோது துணி கனமாக, மொடமொடவென்று இருந்தது. வாளியில் ஊறப்போட்டதும் தண்ணீர் பால்போல் வெளுத்தது. அத்தனையும் கஞ்சி. அலசிக் காயப்போட்டால், வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க என் விரல்கள் ஐந்தும் தெரிந்தன. துணியின் உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவி, சமையலறைத் தொட்டியின் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினேன். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடை வரும், சாம்பல் தொட்டால் உதிரும். இது சுருங்கி, உருகி, நுனியில் கடினமான கறுப்பு மணியாக நின்றது. ஒன்றைக் கவனியுங்கள்: தையல் நூலைக் கொளுத்திப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. நல்ல பருத்தி நைட்டியைக்கூடப் பாலியெஸ்டர் நூலால் தைப்பது வழக்கம். துணியின் இழையைத்தான் உருவ வேண்டும்.

அதைவிடக் கொடுமை அளவுப் பட்டையில் நடந்தது. அம்மா ஒரு காலத்தில் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். கழுத்தோரம் இருந்த ‘எக்ஸ்எல்’ பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது ஏன் இவ்வளவு தடிமனாக இருக்கிறது?” என்று கேட்டு, பிளேடால் அந்தத் தையலைப் பிரித்தார். அடியில் இன்னொரு பட்டை. அதில் ‘எம்’ என்று அச்சிட்டிருந்தது. என் கண்ணெதிரே பிரித்தது இது. அடுத்த நைட்டியிலும் அதே கதைதான். விற்காமல் தேங்கிய சிறிய அளவுகளின்மேல் பெரிய அளவின் பட்டையைத் தைத்து, உடல் பருத்த பெண்களிடமும் வயதானவர்களிடமும் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

விற்பவர் மார்புச் சுற்றளவு 46 அங்குலம் என்று எழுதியிருந்தார். நைட்டியைத் தரையில் விரித்து ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்தேன்: இருபதரை அங்குலம். இரண்டால் பெருக்கினால் 41. அம்மாவின் மார்புச் சுற்றளவே 42. இரவில் புரண்டு படுக்க, உடலின் அளவைவிட நான்கு முதல் ஆறு அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். தையலைப் பிரித்துப் பெரிதாக்கலாம் என்றால் உள்ளே தையலுக்கு விட்ட துணி கால் அங்குலம்கூட இல்லை, நூல் பிரியாமலிருக்க ஓரத்தில் போடும் ஓவர்லாக் தையலோடு வெட்டிவிட்டிருந்தார்கள். கைக்குழி இறுக்கியதில் அம்மாவின் அக்குளில் சிவந்த கோடு விழுந்தது.

படங்களோடு செய்தி அனுப்பினேன். “துணிக்குத் துணி அளவு கொஞ்சம் மாறும் அக்கா” என்றார். பட்டையின் படத்தை அனுப்பியதும், “விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை” என்றார். அதன்பின் என் எண்ணையே தடுத்துவிட்டார்.

அந்த வாக்கியத்துக்கு அஞ்சி யாரும் ஒதுங்கிவிட வேண்டாம். மனம் மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு, சொன்னது ஒன்றும் கொடுத்தது ஒன்றுமாக இருப்பது வேறு. தொழிலாக விற்பவர் தரும் பொருள் அவர் சொன்ன விவரத்தோடு பொருந்த வேண்டும். ‘திரும்பப் பெறுவதில்லை’ என்று எழுதிவைத்து அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்க 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன் சட்டம்’ இதற்குத்தான் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்தது என்றே பொதுவாகக் கொள்ளப்படும். இல்லை என்று விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம் இருக்கிறது. 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் செலுத்த வேண்டிய கட்டணம் 10 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் கோரிக்கை யார்மேல் என்பதற்குப் பெயரும் முகவரியும் வேண்டும். ஆகவே பணம் அனுப்பும் முன்பே வணிகப் பதிவு எண்ணைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். நேரலையில் அவர் சொல்வதையும் அப்போதே பதிவு செய்து வையுங்கள், பிறகு அந்தக் காணொளி இருக்காது.

இனி வாங்கும்போது பட்டையில் உள்ள எழுத்தைக் கேட்காதீர்கள். நைட்டியை விரித்து, அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: மார்பு, தோள், கைக்குழி, உயரம். நான்கும் வேண்டும். நைட்டி உடலுக்கு எடுப்பாக இருப்பது தோளில்தான் தொடங்குகிறது. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நின்றால் மற்ற இடமெல்லாம் தளர்வாக இருந்தாலும் பார்க்க நேர்த்தியாக இருக்கும். மார்பு பெருத்தவர்களுக்கு யோக்கின் (தோளை ஒட்டி மேலே தனியாக வைத்துத் தைக்கும் துண்டு) கீழ் சுருக்கு வைத்தது நன்றாக அமையும், ஆனால் அந்த யோக் தையல் மார்பின் நடுவே ஓடினால் கூடாரம் போல் தூக்கி நிற்கும். வயிறு பருத்தவர்கள் பனியன் துணியைத் தவிர்ப்பது நல்லது, அது ஒட்டிக்கொள்ளும். வயதானவர்களுக்கு உயரம் கணுக்காலுக்கு மேலேயே நிற்கட்டும்; இரவில் கழிவறைக்குப் போகும்போது தடுக்காது.

ரேயானும் வேர்வையை உறிஞ்சும், குளிர்ச்சியாகவும் இருக்கும். ஈரத்தில் வலுவிழக்கும், சுருங்கவும் செய்யும் என்பதால் ஒரு சுற்று பெரிதாக எடுத்து, முறுக்காமல் பிழிய வேண்டும். ‘சாட்டின்’ என்பது நெசவின் பெயர், நூலின் பெயரல்ல. மலிவாக விற்கும் சாட்டின் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். முடிந்தால் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா நிலையத்தின் மாடிக்குப் போய்த் துணியைக் கையால் கசக்கிப் பார்த்தே வாங்குங்கள். கசக்கிய இடத்தில் வெள்ளையாக மாவு உதிர்ந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தையற்கடைகளும் அங்கேயே இருக்கின்றன, கைக்குழியைத் தளர்த்த வேறு இடம் தேட வேண்டியதில்லை.

நான் புகார் கொடுத்துவிட்டேன். பிரித்த பட்டைகள் இரண்டையும் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அதே குரல், அதே சுவர்த்திரை, இப்போது வேறொரு கணக்கில் தீபாவளிச் சலுகை என்று நேரலை போய்க்கொண்டிருக்கிறது. நேற்றிரவு ஒரு பெண்மணி தன் மாமியாருக்கு டபுள் எக்ஸ்எல் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். இருக்கிறது என்று பதில் வந்தது.