கடைசி மாதங்களில் வீட்டுக்கு யார் துணை: அட்டெண்டரா, ஹாஸ்பிஸா, தன்னார்வலரா?

"இனிமேல் வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்ட பிறகு குடும்பத்தின் கையில் இருப்பது ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் மாத்திரைப் பெயர்கள் இருக்கும். இரவில் யார் விழித்திருப்பது, சாப்பாட்டை ஒதுக்கினால் என்ன செய்வது, சின்னப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அதில் இருக்காது.

மருந்து, ஊசி, மார்ஃபின் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. அதற்கு டாக்டரும் செவிலியரும் வேண்டும். மற்ற வேலைகளுக்கு, அதாவது உடம்பு துடைப்பது, பக்கத்தில் உட்காருவது, வரப்போவதை முன்கூட்டியே சொல்வது, பார்த்துக்கொள்கிறவரைக் கொஞ்ச நேரம் தூங்கவிடுவது ஆகியவற்றுக்கு நம் பக்கத்தில் மூன்று வழிகள் உண்டு. ஏஜென்சி அட்டெண்டர், ஹாஸ்பிஸ் (குணமாக்க முடியாத நிலையில் இருப்பவரைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம்), வீடு தேடி வரும் தன்னார்வலர் குழு. மூன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மனைவிக்கோ மருமகளுக்கோ அது என்ன செய்கிறது? நோயாளியை எல்லாரும் விசாரிப்பார்கள். அந்தப் பெண்ணை விசாரிப்பவர்கள் குறைவு.

அட்டெண்டர்

கையில் பணம் இருந்தால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். 12 மணி நேர ஷிஃப்ட் அல்லது வீட்டோடு தங்கும் ஆள், ஏஜென்சிக்குப் பதிவுக் கட்டணம், சாப்பாடு நம் பொறுப்பு. வேலை என்று பார்த்தால் இது பெரிய உதவி. உயரமான, கனத்த உடம்புள்ள அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க ஒரு மகளால் தனியாக முடியாது. டயப்பர் மாற்றுவதிலும் அப்பாவுக்கு மகளிடம் இருக்கும் கூச்சம் வெளியாளிடம் இருக்காது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. எங்கள் பெரியம்மாவின் கடைசி வாரத்தில் ராத்திரி ஷிஃப்டுக்கு வந்த பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் கொஞ்சம்தான் இருக்கும். நடு இரவில் என் அக்காவை எழுப்பி, "அக்கா, அம்மாவுக்குத் தொண்டையில என்னவோ சத்தம் வருது, எனக்குப் பயமா இருக்கு" என்று அழுதாள். இருவருமாக 108-ஐக் கூப்பிட்டார்கள். வீட்டிலேயே இருக்கணும் என்று கேட்டிருந்த பெரியம்மா ஐசியூவில் போய்ச் சேர்ந்தார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவளுக்கும் யாரும் எதுவும் சொல்லித் தந்திருக்கவில்லை.

கடைசி நாட்களில் விழுங்கும் சக்தி குறைந்துவிடும். எச்சில் தொண்டையில் தேங்கி, மூச்சு போகும்போதும் வரும்போதும் கரகரவென்று கேட்கும். கேட்கிறவர்களுக்கு அது கொடுமையாக இருக்கும். படுத்திருப்பவர் பெரும்பாலும் நினைவு மங்கிய நிலையில் இருப்பதால் அது அவரை அவ்வளவாக வருத்துவதில்லை என்றுதான் இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். தலையைக் கொஞ்சம் உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயோரத்தைத் துடைத்து, உதட்டை ஈரத்துணியால் நனைத்தால் போதும். இதை ஒருவர் ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் அந்த இரவே வேறு மாதிரி போயிருக்கும். ஏஜென்சி கைகளை அனுப்புகிறது. வரப்போவதைச் சொல்லும் ஆளை அது அனுப்புவதில்லை.

இன்னொன்று, ஆள் மாறிக்கொண்டே இருப்பது. நோயாளி ஒருவழியாக ஒருத்தரிடம் பழகி உடம்பைத் தொடவிடும்போது அவர் ஊருக்குப் போய்விடுவார். மறுநாள் புது முகம்.

ஹாஸ்பிஸ்

இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ், மும்பை பாந்த்ராவில் உள்ள சாந்தி ஆவேத்னா சதன், 1986-ல் தொடங்கியது. பெங்களூரில் கருணாஸ்ரயா, சென்னையில் மணலி மாத்தூரில் ஜீவோதயா என்று தெற்கிலும் உண்டு. இவை புற்றுநோயாளிகளை இலவசமாகவே வைத்துப் பார்க்கின்றன. அங்கே இருக்கும் செவிலியரும் ஆயாவும் மரணத்தைப் பலமுறை அருகிருந்து பார்த்தவர்கள். மூச்சின் போக்கு மாறினால் அவர்கள் பதறுவதில்லை. அந்த நிதானம் குடும்பத்துக்கும் வந்துவிடும். மகள் மறுபடியும் மகளாக உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஆனால் இடம் மிகக் குறைவு, இருப்பவையும் பெரும்பாலும் புற்றுநோய்க்கே. பக்கவாதத்திலோ மறதி நோயிலோ வருடக்கணக்கில் தேய்ந்து போகிறவர்களுக்கு இந்தக் கதவு எளிதில் திறக்காது. "கடைசி நேரத்துல கொண்டுபோய் விட்டுட்டாங்க" என்ற ஊர்ப் பேச்சும் சேர்ந்துகொள்ளும். அப்படிப் பேசுகிறவர்கள் யாரும் ஓர் இரவு வந்து உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லை.

தன்னார்வலர் குழு

இதைப் பற்றித்தான் நமக்குக் குறைவாகத் தெரியும், நாம் அதிகம் கற்க வேண்டியதும் இதிலிருந்துதான். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் வலிநிவாரணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களே அதிகம் என்று தெரிந்தபோது, மலப்புறம் பக்கம் அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பும் முறை வளர்ந்தது. கடைக்காரர், ஆசிரியர், கல்லூரி மாணவர் என்று யாரும் சேரலாம், வாரத்தில் சில மணி நேரம் கொடுத்தால் போதும். பணம் பெரும்பாலும் சில்லறையாகவே சேரும்: கடைகளில் வைத்த உண்டியல், ஒருநாள் வசூலைக் கொடுக்கும் பேருந்துக்காரர். 2008-ல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது, உள்ளாட்சிகள் செவிலியரை அமர்த்தத் தொடங்கின.

செவிலியர் உள்ளே புண்ணுக்குக் கட்டுப் போடும்போது, கூட வந்தவர் அடுக்களையில் மனைவியோடு உட்கார்ந்திருப்பார். அரிசி இருக்கிறதா, பையன் பள்ளிக்குப் போகிறானா, நேற்று தூங்கினீர்களா என்று கேட்பார். சம்பாதிக்கும் ஆள் படுத்துவிட்ட வீட்டில் வலிக்கு அடுத்து வரும் பயம் இவைதானே.

நம் ஊரிலும் பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வரும், பத்து நிமிடம் உட்காருவார்கள், "வேற நல்ல டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கேள்வி அன்று இரவு முழுக்க அந்த வீட்டில் வலிக்கும். மனம் இருக்கிறது, பயிற்சி இல்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவு சேவையும், அதாவது குணமாக்க முடியாத நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கும் பராமரிப்பும், சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வைத்தால் செவிலியர் வீட்டுக்கு வருவார். நல்ல தொடக்கம். செவிலியரோடு வந்து உட்கார்ந்து பேச ஒரு ஊர்க்குழு நம்மிடம் இன்னும் போதுமான அளவு உருவாகவில்லை.

குறை இதிலும் உண்டு. தன்னார்வலர் தினமும் வரமாட்டார், இரவில் தங்கமாட்டார். வீட்டு விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிடுமோ என்று கூசும் குடும்பங்களுக்கு இது ஒத்துவராது.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 'டெத் டூலா' என்று மரணத் துணைக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். நம் ஊருக்கு அது இன்னும் தூரம். அவர்கள் செய்யும் ஒரு காரியத்தை மட்டும் செலவில்லாமல் நாமே செய்யலாம்: கடைசி நாட்களில் யார் பக்கத்தில் இருக்க வேண்டும், திருவாசகமா, ஜெபமா, யாசீனா, அமைதியா என்பதை அவரிடமே கேட்டு எழுதி வைப்பது. வென்டிலேட்டர் வேண்டாம் என்பதையும் எழுதலாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்று, 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும்.

பலரும் யோசிக்காத ஒரு வித்தியாசம், இறந்த பிறகு வருவது. ஹாஸ்பிஸில் மருத்துவரே சான்று கொடுத்துவிடுவார். வீட்டில் அட்டெண்டர் மட்டும் இருந்தால், விடியற்காலையில் ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிட்டு, சான்று தரும் டாக்டரைத் தேடி அலைய வேண்டும். சான்று இல்லாமல் மயானத்தில் சிக்கல், 21 நாளுக்குள் இறப்பைப் பதியவும் அது வேண்டும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தன்னார்வலர் குழுவைத்தான் சொல்வேன், அது கிடைக்கும் ஊராக இருந்தால். கிடைக்காத ஊரில் கிடைப்பவற்றைக் கலந்துதான் சமாளிக்க வேண்டும். புற்றுநோய் என்றால், சேர்க்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் இப்போதே ஒரு ஹாஸ்பிஸில் போய்ப் பேசிவிடுங்கள். அட்டெண்டர் ஒரு ஷிஃப்டுக்குத்தான் கட்டுப்படியாகும் என்றால், பகலில் வீட்டில் ஆள் இருக்கும்பட்சத்தில், இரவுக்கு வையுங்கள். தூக்கம் கெட்டால்தான் பார்த்துக்கொள்கிறவர் முதலில் உடைவார். ஏஜென்சியில் சம்பளம் பேசும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்கு முன் யாருடைய கடைசி மூச்சின்போதாவது அவர் பக்கத்தில் இருந்திருக்கிறாரா? இல்லை என்றால், வீட்டுக்கு வரும் செவிலியரிடம் சொல்லி, அட்டெண்டரையும் உங்களோடு உட்கார வைத்து, என்னென்ன நடக்கும் என்று விளக்கச் சொல்லுங்கள்.