ஒரே லப்டொப்பில் வின்டோஸும் லினக்ஸும்: பட்டனை அமத்தினால் எது எழும்ப வேண்டும்?

வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ ஒரு வீட்டில் கைமாறி வந்த பழைய லப்டொப் இருந்தால், அது பெரும்பாலும் இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் சிப்புக்கு முந்தியதாகத்தான் இருக்கும். வின்டோஸ் 11 அதை ஏற்காது. வின்டோஸை அழிக்கவும் மனமில்லாமல் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் என்ற இன்னோர் இயங்குதளத்தைப் போடுகிறவர்கள் முதலில் முடிவெடுக்க வேண்டியது இந்தத் தலைப்பில் உள்ள கேள்வியைத்தான்.

முதல் வழி கிரப், அதாவது எதைத் திறப்பதென்று தொடக்கத்திலேயே கேட்கும் ஒரு சிறு நிரல். லினக்ஸைப் போடும்போதே தானாக வந்து முன்னால் உட்கார்ந்துவிடும். பட்டியலைக் காட்டிச் சில வினாடி பார்த்திருக்கும், யாரும் எதையும் தொடாவிட்டால் முதலில் இருப்பதைத் திறக்கும். காத்திருக்கும் நேரத்தையும் எது திறக்க வேண்டும் என்பதையும் அதன் அமைப்புக் கோப்பில் மாற்றி, அப்டேட்-கிரப் கட்டளையை ஓடவிட்டால் சரி. கடைசியாகத் திறந்ததையே மறுபடி திறக்கும் வசதியும் உண்டு. தனி ஆளுக்கு அது அருமை. ஆனால் இரவு மகன் லினக்ஸில் இருந்துவிட்டுப் படுத்திருப்பான். காலையில் கந்தோர்க் கடிதம் அடிக்க வந்த அம்மா பட்டனை அமத்திவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்த் திரும்பினால், திரையில் முன்பின் தெரியாத எதுவோ நிற்கும். அப்படியான வீட்டில் வின்டோஸைப் பெயர் சொல்லியே நிரந்தரமாக வைத்துவிடுங்கள். எண்ணால் குறிக்க வேண்டாம்: கிரப் 0 இலிருந்து எண்ணும், பட்டியலில் புதிதாக ஒரு வரி வந்தால் அதே எண் வேறொன்றைக் காட்டும்.

கிரப்பில் இன்னொரு தொல்லை மாரி காலத்தில்தான் தெரியும். பற்றறி செத்த லப்டொப்பில், லினக்ஸ் எழும்பிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது என்று வையுங்கள். உபுண்டு என்ற லினக்ஸின் வழிவந்தவற்றில் (மின்ட்டும் அதில் ஒன்று) அடுத்த முறை கிரப் 30 வினாடி வரை அந்தப் பட்டியலிலேயே நிற்கும். லப்டொப் இறுகிவிட்டதென்று நினைத்து, திரும்பவும் பட்டனை அமத்தி நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஒன்றும் செய்ய வேண்டாம், பேசாமல் இருந்தாலே போதும், அல்லது என்டரைத் தட்டுங்கள்.

இரண்டாவது வழி, வின்டோஸோ லினக்ஸோ தொடங்க முன்னரே ஓடும் பயொஸின் அமைப்பில் வின்டோஸை முதலாவதாக வைத்து, லினக்ஸ் வேண்டியவர் மட்டும் பட்டன் அமத்தியதும் ஒரு விசையைத் தட்டுவது. டெல், லெனோவோ என்றால் எஃப்12. எச்பி லப்டொப்பில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஏசரில் எஃப்12 வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் பயொஸுக்குள் போய் அதை இயக்கிவிட வேண்டும். விசை தட்டக் கிடைப்பது ஓரிரு வினாடிதான், அது எரிச்சல். தவறினால் வின்டோஸுக்குள் போய், ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் வரும் நீலத் திரையில் பல லப்டொப்புகளில் லினக்ஸையும் தெரிவு செய்யலாம். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு சிலவேளை வின்டோஸ் தன்னை முதலாவதாகப் போட்டுக்கொள்ளும். கிரப் வைத்தவர் அன்று லினக்ஸே அழிந்துவிட்டதென்று பதறுவார் (அழியவில்லை, பயொஸில் வரிசையை மாற்றினால் வந்துவிடும்). இந்த வழியில் அந்தப் பதற்றமே இல்லை.

வின்டோஸின் சொந்தப் பட்டியலுக்குள் லினக்ஸைச் சேர்ப்பது மூன்றாவது வழி. பயொஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ உள்ள இன்றைய இயந்திரங்களில் அது வெறும் மினக்கெடல்.

பலர் பாவிக்கும் வீட்டு லப்டொப்புக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஒருவரே பாவிப்பதென்றால் கிரப்.

எதை எடுத்தாலும் வின்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள். கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸுக்குள், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் இருக்கிறது. அது இருந்தால் வின்டோஸ் முழுதாக மூடுவதில்லை, பாதி நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும். லினக்ஸிலிருந்து அந்த டிஸ்க்கைத் திறந்தால் வாசிக்கத்தான் விடும், எழுத விடாது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இதை நிறுத்தினால் எழும்பும் நேரம் கூடும், எஸ்எஸ்டியில் பெரிதாகத் தெரியாது.

அப்புறம் மணிக்கூடு. லினக்ஸ் பாவித்துவிட்டு வின்டோஸுக்கு வந்தால் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு நிற்கும். மதர்போர்ட் பற்றறி போய்விட்டதென்று கடைக்குக் கொண்டு ஓட வேண்டாம். லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, வின்டோஸ் அதையே இலங்கை நேரமென்று வாசிக்கிறது. லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையால் வன்பொருள் மணிக்கூட்டை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டும்.