ஆங்கிலப் பிழை திருத்த: புத்தகமா, செயலியா, பக்கத்து வீட்டு அக்காவா?

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் படிப்பை முடித்ததும் பாரிமுனையில், துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துத் தரும் கிளியரிங் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. அங்கே நாள் முழுக்க ஆங்கில மெயில்தான். பிழை திருத்திக்கொள்ள அவர்களுக்கு மூன்று வழி உண்டு.

இலக்கணப் புத்தகம் மூர் மார்க்கெட்டில் பழையதாக மலிவுக்குக் கிடைக்கும். விதி எல்லாம் அதில் இருக்கும். ஆனால் 'டிஸ்கஸ் அபவுட்' சரி என்றே நம்புகிறவர் எந்தப் பக்கத்தைப் புரட்டுவார்? 'அபவுட்' அங்கே வேண்டாம் என்று யாராவது முதலில் சொல்லவேண்டும்.

செயலி அதைச் சொல்லிவிடும். 'ஐ டிடின்ட் வென்ட்' என்று தட்டினால் உடனே அடிக்கோடு போட்டு 'கோ' என்று மாற்றித் தரும். 'தி கன்டெய்னர் ஹேஸ் அரைவ்ட் யெஸ்டர்டே' என்றால் 'ஹேஸ்' வேண்டாம் என்று காட்டும். நேற்று என்று சொல்லிவிட்டால் 'அரைவ்ட்' போதும். அவசர மெயிலுக்கு இதை விட்டால் கதியில்லை. ஆனால் காரணம் பார்க்காமல் தட்டித் தட்டி ஏற்றுக்கொண்டால், பேசும்போது அதே தப்பு வாயில் வந்து நிற்கும்.

இன்னொன்று இதைவிடப் பெரிசு. இன்டர்வியூவுக்குத் தயாராகும் தம்பி 'ஐ வொர்க்ட் இன் எ கிளியரிங் ஆபீஸ் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று எழுதுகிறார். இலக்கணத்தில் குறையில்லை, செயலியும் பேசாமல் இருக்கும். ஆனால் படிக்கிறவர் அந்த வேலையை விட்டுவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார். ஆங்கிலமும் தெரிந்த பக்கத்து வீட்டு அக்கா என்றால், "இன்னும் அங்கதான் இருக்கியாப்பா?" என்று கேட்பார். ஆமாம் என்றால் 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று மாற்றச் சொல்வார். 'ஐ ஆம் வொர்க்கிங் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று நம்மவர்கள் ஏன் சொல்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். "மூணு வருஷமா வேலை செய்றேன்" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் வைப்பதுதான் அது. காரணம் புரிந்தால் அந்தப் பிழை திரும்ப வருவது குறையும். அதனால் என் ஓட்டு அக்காவுக்குத்தான்.

ஒரே நிபந்தனை, நாலு பேர் முன்னால் பாதி வாக்கியத்தில் குறுக்கிடக்கூடாது. அப்படிச் செய்தால் பிள்ளை வாயையே திறக்காது. சொல்லி முடிக்கட்டும், அப்புறம் தனியாகச் சொல்லலாம். அக்காவுக்கும் 'ரிட்டர்ன் பேக்' பழகிப்போயிருக்கலாம், 'ரிட்டர்ன்' மட்டுமே போதுமே. சந்தேகம் வந்தால் அப்போது புத்தகத்தை எடுங்கள்.