எழும்பூரா, முட்டுக்காடா?

சென்னையில் ஒரே நாள்தான் கையில் இருக்கிறதென்றால், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கே போங்கள். 1851-இல் தொடங்கியது, ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பலர் செய்யும் தவறு, முன்கட்டடத்திலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவது. வளாகம் பெரியது. வெண்கலக் கூடத்தை அடைவதற்குள் கால் ஓய்ந்துவிடும். முதலில் அங்கேதான் போகவேண்டும். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரைப் பாருங்கள்: ஆண் பாதிக்கு இரண்டு கை, பெண் பாதிக்கு ஒரே கை. முன்னால் மட்டும் நின்றுவிடாமல் பக்கவாட்டிலும் பாருங்கள். இடுப்பு வளைவு அப்போதுதான் பிடிபடும். அடுத்து, ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபியிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். இந்த இரண்டுக்கே இரண்டு மணி நேரம் வேண்டும்.

முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் தட்சிணசித்ரா வேறு வகை அருங்காட்சியகம். 1996-இல் திறந்த இந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குப் பதில் வீடுகளே காட்சி. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் மரவேலைக்காகவே போகலாம். குழந்தைகள் இருந்தால் சந்தேகமில்லாமல் இதுதான். மண்பாண்டம் வனைவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். ஆனால் பெரும்பாலும் திறந்தவெளி, உச்சிவெயிலில் தாங்காது. காலையில் திறந்ததுமே போய்விடுங்கள்.

எழும்பூருக்கு வெள்ளி விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்.