நிஷிகசாய் பல் டாக்டரிடம் நாலு வருடம்

அம்மா கொடுத்தனுப்பிய கம்மர்கட்டைக் கடித்ததில், போன வாரம் கீழ் இடது கடைவாய்ப் பல்லின் கேப் கழன்று கையில் வந்துவிட்டது. அதே வாரம் டோக்கியோவுக்குப் புதிதாக வந்த நண்பன் ஒருவன், "உங்க ஏரியாவுல இங்கிலீஷ் பேசுற பல் டாக்டர் இருக்காராடா?" என்று கேட்டான். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் இருக்கும் நிஷிகசாய் டோக்கியோவில் ஒரு பகுதி. இங்கே இந்தியர்கள் நிறைய. இட்லி மாவு கிடைக்கும். ஆனால் என் தெரு டாக்டருக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஓபன், க்ளோஸ், பெயின். என் ஜப்பானிய மொழி சூப்பர் மார்க்கெட்டோடு சரி.

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். எதையும் ஒரே நாளில் முடிக்க மாட்டார்கள். நாற்காலியில் அரை மணி நேரம், அதற்குள் என்ன முடியுமோ அதுதான். என் ரூட் கெனால் ஆறு தடவை இழுத்தது. ஒவ்வொரு முறையும் மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்து, அடுத்த வாரம் வா என்று அட்டையில் தேதி எழுதித் தருவார்கள். பல் கிளீனிங்கில் கூட மேல்வரிசை இன்றைக்கு, கீழ்வரிசை அடுத்த வாரம். பாதி வாய் பளபளவென்றும் பாதி வாய் பழையபடியும் ஒரு வாரம் ஆபீஸ் போயிருக்கிறேன். ஊரில் இதே வேலையை ஒரே மூச்சில் முடித்து, வாசல் கடையில் டீயும் குடித்துவிட்டு வந்தவன் நான்.

காசு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்க முடியாது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இத்தனை புள்ளி என்று அரசாங்கமே பட்டியல் போட்டிருக்கிறது. ஒரு புள்ளி 10 யென், அதில் என் பங்கு 30 சதவீதம், மீதி காப்பீட்டுக் கணக்கில். ஹொக்கைடோவானாலும் ஒக்கினாவாவானாலும் அதே விலைதான். ரசீதில் புள்ளிக் கணக்கு அச்சாகி வரும். "உங்களுக்காகக் குறைச்சிருக்கேன் சார்" கதையெல்லாம் கிடையாது. ரூட் கெனால் நடந்த நாட்களில் பல தடவை ஆயிரம் யென் கூட ஆகவில்லை.

வலித்தால் இடது கையைத் தூக்கச் சொன்னார்கள். முகத்தில் துண்டைப் போட்டார்கள். வலித்தது, தூக்கினேன். "மோ சுகோஷி" என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம்தான் என்று அர்த்தம். கை அந்தரத்தில் நிற்க, மெஷின் பாட்டுக்கு ஓடியது.

ஆனால் நான் இன்னும் அங்கேயே போவதற்குக் காரணம் அந்த உதவியாளர் அம்மா. முதல் நாள் என் வலியை இங்கிலீஷில் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன், போனில் மொழிபெயர்த்தும் காட்டினேன். தலையை ஆட்டினாரே தவிர முகத்தில் தெளிவில்லை. கடைசியில் அவர் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் கையை மூடி மூடித் திறந்து, "ஸுகிஸுகி?" என்றார். அட, விண்விண்! பாதி ராத்திரியில் அப்படித்தான் தெறித்தது. ஹை, ஹை என்று கத்தினேன். கேப் போட்ட அன்றைக்குப் பற்களுக்கு நடுவில் கலர்த்தாளை வைத்து, "காச்சிகாச்சி" என்றார். டக்டக்கென்று தட்டினேன். அடுத்து "கிரிகிரி". யாரும் மொழிபெயர்க்கவில்லை, நறநறவென்று கடித்தேன். சரியாக அதுதான். எட்டாம் வகுப்பில் இரட்டைக்கிளவிக்கு உதாரணம் சொல்லத் தெரியாமல் நின்றது வேறு ஞாபகம் வந்தது. இவ்வளவு செலவு செய்து படித்த இங்கிலீஷ் அந்த நாற்காலியில் ஒன்றுக்கும் உதவவில்லை.

கேப் வெள்ளி நிறம். இங்கே கின்பா (ginba), அதாவது வெள்ளிப்பல் என்பார்கள். 12 சதவீதம் தங்கமும் 20 சதவீதம் பல்லேடியமும் கலந்ததாம், சிரித்தால் பாத்திரக்கடை. ஏன் வெள்ளைக் கேப் போடவில்லை என்று பின்னால் சண்டைக்குப் போனேன். முதல் நாள் நிரப்பிய படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். "காப்பீட்டுக்குள் முடிகிற சிகிச்சை மட்டும் போதும்" என்ற கட்டத்தில் டிக். என் டிக்தான். படிக்கத் தெரியாமல் போட்டது. கோபத்தை யார் மேல் காட்டுவது?

சரி, கழன்ற கேப்புக்கு வருவோம். அப்படியே பசை வைத்து ஒட்டிவிடுவார் என்று நம்பி மத்தியானம் பர்மிஷன் போட்டுப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், உள்ளே சொத்தை இருக்கிறதா பார்த்தார்கள், சுத்தம் செய்தார்கள். நேரம் முடிந்தது. ஒட்டுவது அடுத்த சனிக்கிழமை.

அந்த எரிச்சலில் நண்பனுக்கு மெசேஜ் போட்டேன்: "எங்க தெரு டாக்டர் வேண்டாம்டா. காப்பீடு இல்லாட்டியும் பரவாயில்ல, இங்கிலீஷ் பேசுற ஆளாப் பாத்துப் போ." உடனே கேட்டான், "அப்ப நீ எங்க மாத்தப் போற?"

சனிக்கிழமை பத்தரைக்கு அப்பாயின்ட்மென்ட். கேப் மேசை மேல் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது. பக்கத்திலேயே மீதிக் கம்மர்கட்.